இடது பக்கத் தையல்

பதுளை
18.10.1969

தம்பி ஷுக்ரி,

கோபம் இருந்தாலும் ஸலாத்தை நிறுத்தக்கூடாது என்று உம்மா சொல்கிறார். ஆகவே முதலில் ஸலாம். வெலிமடையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் உனக்குக் கடதாசி கிடைக்கவில்லை போலிருக்கிறது. லத்தீப் முதலாளியின் லொறி வாரத்துக்கு இரண்டு முறை பதுளைக்கு வருகிறது. டிரைவர் கையில் லீக்ஸ் கட்டு அனுப்பத் தெரிந்த உனக்கு, அதோடு ஒரு வரி எழுதி அனுப்பத் தெரியவில்லை. லீக்ஸ் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். பொன்னையா குடும்பத்துக்கு இந்தியா போகப் பத்திரமெல்லாம் சரிவந்துவிட்டது. டிசம்பர் மூன்றாம் திகதி பதுளையில் ரயில் ஏறுகிறார்கள். தலைமன்னார் போய் அங்கிருந்து கப்பல். போனால் போனதுதான், திரும்பி வருகிற பயணமில்லை.

நேற்று சந்தையில் அவன் மனைவி ஜெயலெட்சுமி தகரப் பெட்டி பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைக் காண்பதற்குள் நான் கருவாட்டுக் கடைக்குப் பின்னால் போய்க் குந்திவிட்டேன். முப்பத்திரண்டு வயதில் கருவாட்டு மூட்டைக்குப் பின்னால் ஒளிகிறவளை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

என் கையால் தைத்த முகத்துண்டைக் கட்டிக்கொண்டு குழல் சண்டை விளையாடப் போன பொன்னையா ஒரு கண்ணோடு திரும்பினான். தையல் விட்டு, கண்ணை மறைத்த கம்பி வலை விலகியதால்தான் பட்டது என்று, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் நீ சொன்னாய். அன்று குனிந்த தலை இன்னும் நிமிரவில்லை. இருபத்தொரு மாதமாகத் தலையணை உறை மட்டும்தான் தைக்கிறேன். தலையணை உறையால் யாருக்கும் காயம் வராது.

அவன் போவதற்கு முன் நேரில் போய் மன்னிப்புக் கேட்கப்போகிறேன். தனியாகப் போக எனக்குத் துணிவில்லை. நீ வா. அன்றைக்கு முதலில் ஓடிப்போய் அவனைத் தூக்கியவன் நீதானே. உம்மா இன்னும் வருகிறவர்களிடமெல்லாம், "எண்ட மகன்தான் ஓடிப்போய்த் தூக்கினான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன் ராத்தா,
நளீரா

*

வெலிமடை
27.10.1969

அன்புள்ள ராத்தா,

உங்கள் கடிதம் கிடைத்தது. உம்மாவின் முழங்கால் வலிக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். இங்கே விடாத மழை. லீக்ஸ் பாத்திகளில் தண்ணீர் நிற்கிறது, கரட் பாதி அழுகிவிட்டது, முதலாளி காலையிலிருந்து யாரையாவது ஏசிக்கொண்டே இருக்கிறார். பெரும்பாலும் அது நானாகத்தான் இருக்கும்.

பொன்னையா போவது பற்றி எனக்கு முந்தியே தெரியும். நல்லதுதான், அங்கே அவன் மாமன்மார் இருக்கிறார்கள்.

ராத்தா, நீங்கள் அங்கே போகவேண்டாம். நடந்து முடிந்ததைக் கிளறி என்ன பயன்? அன்றைக்கு இரண்டு பக்கமும் இருபது பேர் சுட்டோம். யாருடைய குழலிலிருந்து வந்த கோப்பிக்கொட்டை பட்டது என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் ஒருவரும் கேட்காமலே நல்ல மனதோடு தைத்துக் கொடுத்தீர்கள். பயணத்துக்கு மூட்டை கட்டுகிற வீட்டில் போய் அழுதால் அவர்களுக்கும் சங்கடம், லயத்து வீடுகளிலும் பழைய பேச்சு கிளம்பும். பொன்னையாவே எதையும் மனதில் வைத்திருப்பவனில்லை.

என்னால் வரமுடியாது. லொறியில் ஏற்றும் வேலை முழுக்க என் தலையில்தான்.

தம்பி,
ஷுக்ரி

*

பதுளை
2.11.1969

ஷுக்ரி,

கரட் அழுகியதை இவ்வளவு விபரமாக எழுதுகிறாய். ஒரு மனிதனுடைய கண்ணைப் பற்றி நாலு வரி.

நான் ஏன் போகத்தான் வேண்டும் என்று சொல்கிறேன், கேள். இதை உம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

போயா லீவு நாட்களில் தேயிலைப் பக்டரிக்குப் பின்னால் நீங்கள் குழல் சண்டை தொடங்கியபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. மூங்கில் குழலுக்குள் பச்சைக் கோப்பிக்கொட்டையை இறுக்கி, குச்சியால் தள்ளி, 'டப்' என்று அடிப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வேலை. மீசை முளைத்த நீங்கள் மேல் லயம், கீழ் லயம் என்று பிரிந்து நின்று அடித்தீர்கள். பிறகு ஒருநாள் பொன்னையா கன்னம் வீங்கி, தோட்டத்தில் அப்போது இருந்த நம் கடைக்கு வந்தான். "கண்ணுல பட்டிருந்தா என்னாகும்?" என்று நான் ஏசினேன். "அதுக்கு நீங்கதான்க்கா ஒரு வழி பண்ணணும்" என்றான். அவனுக்குப் பக்டரியில் தேயிலை சலிக்கிற வேலை. கழித்துப்போட்ட சல்லடையிலிருந்து கம்பி வலை வெட்டிக்கொண்டு வந்து தந்தான்.

வாப்பாவின் பழைய மப்ளரில்தான் முதலாவதைத் தைத்தேன். மூக்குக்கும் வாய்க்கும் இரட்டைத் துணி, கண்ணுக்கு வலை, கம்பி குத்தாமல் வலையைச் சுற்றி நாடா, பின்னந்தலையில் முடிச்சு. அதை என் முகத்திலேயே கட்டிக்கொண்டு கடைக்குப் பின்னால் நின்று உன்னைச் சுடச் சொன்னேன். ஞாபகமிருக்கிறதா? மாட்டேன் என்றாய். நான் அதட்டிய பிறகு மூன்று முறை சுட்டாய். எறும்பு கடித்த அளவுகூட இல்லை. அன்று எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. பொங்கலுக்கு மறுநாள் போயா, பெரிய சண்டை. அதற்குள் பன்னிரண்டு முகத்துண்டு தைத்தேன்.

பன்னிரண்டாவது பொன்னையாவினுடையது. அதில் இடது பக்கம் தைக்கும்போது தடித்த கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது. பதுளைக்குப் போய் வாங்க நேரமில்லை. ஜாக்கெட்டுக்கு ஓரம் மடிக்கிற மெல்லிய வெள்ளை நூலால் தைத்தேன். வித்தியாசம் தெரியாமல் இருக்க அதன்மேல் அடுப்புக்கரி பூசினேன்.

அவனுக்குப் போனதும் இடது கண்தான்.

கரி பூசிய கையை இன்றைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறேன். இப்போது சொல், நான் போகாமல் இருக்கலாமா?

நளீரா

*

வெலிமடை
9.11.1969

அன்புள்ள ராத்தா,

உங்கள் கடிதத்தைக் கடைக்குள் வைத்து வாசிக்க முடியவில்லை. வெளியே போய் லொறிக்குப் பின்னால் நின்று வாசித்தேன்.

அந்த நூலைப் பற்றி இனி நினைக்காதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். மெல்லிய நூலோ தடித்த நூலோ, அதனால் ஒன்றுமில்லை. எல்லாம் நஸீபு, தலைவிதி.

பொன்னையாவுக்கு நம்மேல் கோபம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள். அவன் அப்படிப்பட்டவனில்லை. எதையும் விளையாட்டாக எடுப்பான். அன்றைக்கும் அந்த மாதிரித்தான். என்னை மூன்று தரம் அடித்துவிட்டு, பழைய கோப்பி மரத்தடியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மொதலாளி வீட்டுப் புள்ளைக்கு குறி தராசுலதான் இருக்கும்போல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அப்படிச் சிரிக்கிறவன் மனதில் வன்மம் வைப்பானா?

ஆகவே போகவேண்டாம். நோன்பு தொடங்கப்போகிறது. உம்மாவுக்குப் பேரீச்சம்பழம் அனுப்புகிறேன்.

ஷுக்ரி

*

பதுளை
13.11.1969

ஷுக்ரி,

பேரீச்சம்பழம் வந்தது. ஒரே ஒரு கேள்வி.

முகத்துண்டு கட்டியிருக்கிறவன் முகத்தைத் துடைப்பது எப்படி? வாயை இரட்டைத் துணி மூடியிருக்க, அவன் சிரித்தது உனக்கு எப்படித் தெரிந்தது?

இன்று மூன்றாவது நோன்பு. பொய் எழுதுவதாக இருந்தால் எழுதவே வேண்டாம்.

நளீரா

*

வெலிமடை
20.11.1969

ராத்தா,

ஐந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது.

தையல் விடவில்லை. அவன் முகத்துண்டைத் தூக்கியிருந்தான். மூச்சு ஆவியில் வலை நனைந்து பார்வை மங்குகிறது என்று நெற்றிக்கு மேலே தூக்கி, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். துண்டைத் தூக்குகிறவன் கையை உயர்த்தவேண்டும், உயர்த்தினால் யாரும் சுடக்கூடாது. அந்தச் சட்டம் போட்டதும் நீங்கள்தான். அவன் கையை உயர்த்தினான். நான் கண்டேன். அந்தக் கையோடுதான் அந்தப் பகடியைச் சொன்னான், மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்றவர்கள் குரலை மட்டும் கேட்டுச் சிரித்தார்கள். நான் ஐந்தடி தூரத்தில் நின்றேன். குழலில் கொட்டை இறுகியிருந்தது. குறி பார்த்துத் தள்ளினேன்.

கன்னத்தில் படும் என்று நினைத்தேன் என்று எழுதப்பார்த்தேன். அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. அவன் வாய் மூடவேண்டும், அவ்வளவுதான் அந்த நேரம் மனதில் இருந்தது.

அவன் குனிந்தபோது துண்டு தானாக விழுந்து முகத்தை மூடியது. மற்றவர்கள் திரும்பிப் பார்த்தபோது மூடித்தான் இருந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கியது உண்மை. பதுளை ஆஸ்பத்திரிவரை அவன் தலை என் மடியில்தான் இருந்தது. "ஒண்ணுமில்லடா, சரியாப் போயிரும்" என்று அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்.

மறுநாள் பெரட்டில் தோட்டத் தலைவர் கேட்டார்: "வலை போட்டிருந்தவனுக்கு எப்புடியப்பா கண்ணுல பட்டுச்சு?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். 'தையல் விட்டுப்போச்சு' என்று வாயில் வந்தது. உங்களை மாட்டிவிட நினைக்கவில்லை ராத்தா. தையல் என்று சொன்னால் அது நீங்கள்தான் என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு திருத்தியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் திருத்தியிருக்கலாம். உங்களிடம் யாரும் துணி கொடுக்காமல் போனபோதும், லயத்து இராக்கம்மா தன் மகளின் கலியாண ஜாக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனபோதும், தோட்டத்துக் கடையை மூடிவிட்டு நாம் பதுளைக்கு வந்தபோதும் நான் பக்கத்தில்தான் நின்றேன். பிறகு நிற்க முடியாமல் வெலிமடைக்கு ஓடிவந்தேன். வேலை கிடைத்தது என்று உங்களிடம் சொன்னேன். வந்த பிறகுதான் வேலை தேடினேன்.

அந்தத் துண்டை உங்களிடம் கடதாசியில் சுற்றித் தந்து, பார்க்காமல் எரித்துவிடச் சொன்னேனே, அதற்கும் இதுதான் காரணம்.

நீங்கள் கரி பூசியதை எழுதியிருந்தீர்கள். அதை வாசித்துவிட்டு அன்று முழுக்க என்னால் யாருடைய முகத்தையும் பார்க்க முடியவில்லை.

ஷுக்ரி

*

பதுளை
25.11.1969

ஷுக்ரி,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். பிறகு பெட்டியைத் திறந்தேன்.

நான் அதை எரிக்கவில்லை. நீ தந்த கடதாசிச் சுற்றோடு அப்படியே பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். எரித்தால் செய்த பாவத்தை மறைத்ததுபோல் ஆகும் என்று நினைத்தேன். பிரித்துப் பார்க்கவும் இல்லை. இருபத்திரண்டு மாதத்தில் ஒருநாளாவது பிரித்துப் பார்த்திருந்தால் போதும். என்னை நானே அவ்வளவு நம்பாமல் இருந்திருக்கிறேன். உன்மேல் எனக்கு வருகிற கோபத்தில் பாதி என்மேலும் வருகிறது.

இரத்தக்கறை கறுத்துப்போயிருந்தது. இடது பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு தையலையும் நகத்தால் இழுத்துப் பார்த்தேன். கரிகூட அப்படியே இருந்தது. ஒரு தையலும் விடவில்லை ஷுக்ரி. அந்த மெல்லிய வெள்ளை நூல் ஒன்றுகூட விடவில்லை.

நேற்று நமுனுகுல பஸ்ஸில் ஏறித் தோட்டத்துக்குத் தனியாகப் போனேன். பயணமெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். பொன்னையா முற்றத்தில் பெட்டிக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தான். இப்போது அவனுக்குச் சலிக்கிற வேலை இல்லை, இரண்டு வருஷமாகப் புல் வெட்டுகிறான். நான் துண்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். தையலைத் தடவிப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும்க்கா," என்றான். "நான்தான துண்டத் தூக்குனேன்."

"ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன். என் குரல் அவ்வளவு உயரும் என்று நான் நினைக்கவில்லை.

"ஷுக்ரி தானா வந்து சொல்லுவான்னு இருந்தேன். நான் சொன்னா அவனப் போலீசுல குடுத்த மாதிரி ஆயிரும். இன்னைக்கு வருவான், நாளைக்கு வருவான்னு நாள் ஓடிருச்சு. நீங்க தல குனிஞ்சு நடக்குறதப் பாத்துட்டும் வாயத் தெறக்காம இருந்தேன்க்கா. கண்ணு போனதவிட அதுதான் எனக்குக் கேவலமா இருக்கு."

ஜெயலெட்சுமி உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்துவிட்டு, நோன்பு என்று ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பப் போனாள். 

பயணத்துக்கு முந்தின போயாவில் லயத்தில் எல்லாருக்கும் சாப்பாடு வைக்கிறார்கள். தலைவரும் வருவார். நீ வந்து, எனக்கு எழுதியதை அங்கே சொல்லவேண்டும். எந்த ஆட்கள் முன்னால் பொய் சொன்னாயோ அதே ஆட்கள் முன்னால். உனக்காக நான் வாய் திறக்கமாட்டேன். உம்மாவிடமும் சொல்லவில்லை, அது உன் வேலை.

நளீரா

*

பதுளை
5.12.1969

ஷுக்ரி,

நீ வந்தாய். அதை மறுக்கமாட்டேன். சாப்பாட்டுப் பந்தி தொடங்குவதற்கு முன் எழுந்து நின்றாய். "ராத்தாட தையல்ல ஒரு பிழையும் இல்ல. அவன் துண்டத் தூக்கியிருந்தான். நான்தான் சுட்டேன்" என்றாய். அதுவரை சரி.

அதற்குப் பிறகு, "கை தவறிட்டு" என்றாய்.

ஒரு பெருமூச்சு எல்லாரிடமிருந்தும் வந்ததே, கேட்டாயா? தலைவர் உன் முதுகில் தட்டினார். "வெளயாட்டுல நடக்குறதுதான்" என்றார். இராக்கம்மா என் கையைப் பிடித்து அழுதாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு பெண்கள் என் முகத்தை நேராகப் பார்த்தார்கள். பிறகு நான் பொன்னையாவைப் பார்த்தேன். அவன் அந்த ஒரு கண்ணால் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கை தவறவில்லை என்று அந்தக் கூட்டத்தில் மூன்று பேருக்குத் தெரியும். "சரி விடு, சாப்புடு" என்று உனக்குச் சோறு போட்டான். நீ சாப்பிடாமல் நோன்பைச் சொல்லித் தப்பிக்கொண்டாய். இரண்டு மணி பஸ்ஸில் போய்விட்டாய்.

என் பெயரைக் காப்பாற்றிவிட்டாய், உன்னையும் காப்பாற்றிக்கொண்டாய்.

மூன்றாம் திகதி நான் ஸ்டேஷனுக்குப் போனேன். நீ வருவாய் என்று பொன்னையா வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றான். ரயில் அசைந்தபோது பைக்குள்ளிருந்து முகத்துண்டை எடுத்து ஜன்னலால் என்னிடம் நீட்டினான். அதைத் தன்னோடு கொண்டுபோக ஆசைப்பட்டுப் போன தடவை என்னிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தான்.

"ஷுக்ரிகிட்ட குடுத்துருங்கக்கா. அவனுக்குத்தான் இன்னும் மொகத்த மூட வேண்டியிருக்கு," என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லொறி டிரைவர் கையில் அனுப்புகிறேன்.

நளீரா

*

வெலிமடை
8.12.1969

ராத்தா,

முகத்துண்டு கிடைத்தது. "குளிருக்கு மப்ளரா தம்பி?" என்று டிரைவர் கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, இல்லை, இது ஒரு ஆளுடைய கண் போன கதை என்று சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நீங்கள் தவிர நான் உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அன்று லயத்தில் சொல்லத்தான் எழுந்து நின்றேன். அவர்கள் முகங்களைப் பார்த்ததும் அந்த இரண்டு வார்த்தை தானாக வந்துவிட்டது. முந்தியும் அப்படித்தான் தானாக வந்தது. எனக்கு வாய் அப்படிப் பழகிவிட்டது.

இன்று காலை தலைவருக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். பெரட்டில் எல்லாருக்கும் கேட்க வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். பொன்னையாவுக்கும் அதையே எழுதி வைத்திருக்கிறேன். துறையூர்ப் பக்கம் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும், ஜெயலெட்சுமி உங்களிடம் விலாசம் தந்திருப்பாள், அனுப்புங்கள். கடிதத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. 'கை தவறவில்லை. பொன்னையா கையை உயர்த்தியதைக் கண்டேன். கண்ட பிறகுதான் சுட்டேன்.' கீழே என் பெயர்.

பெருநாளைக்கு வரட்டுமா என்று கேட்க எனக்கு வாயில்லை.

இந்தக் கடிதத்தை உம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டுங்கள். நானே வந்து சொல்வதாக இருந்தால் மறுபடியும் எதையாவது மாற்றிச் சொல்லிவிடுவேன். 'எண்ட மகன்தான் ஓடிப்போய்த் தூக்கினான்' என்று அவர் இனி ஒருவரிடமும் சொல்லவேண்டாம்.

ஷுக்ரி